அன்பளிப்பா? அச்சாரமா?

"வாங்கிக்கொண்டால், சரி என்று சொன்னதாக ஆகிவிடுமா, ஐயா?"

சங்கப் பாட்டு ஒன்றை நடத்தி முடித்துச் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்த நேரத்தில், கடைசி வரிசையிலிருந்து மாணவி ஒருத்தி எழுந்து கேட்ட கேள்வி இது. தலைவன் தன் உள்ளம் கவர்ந்தவளுக்குத் தழையாடை கொணர்ந்து தருகிறான். அதைப் பற்றிய பாட்டு. வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பாட்டைப் பற்றிக் கேட்கிறாளா, தன்னைப் பற்றிக் கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. துருவிக் கேட்பது முறையும் அன்று. "ஆகாது" என்று ஒரு சொல்லில் விடை கூறினேன். மணி அடித்தது. பிள்ளைகள் கலைந்தனர். கேள்வி கலையவில்லை, என்னோடு வீட்டுக்கு வந்தது.

ஒரு சொல் விடை அதற்குப் போதாது. அவள் கேட்டது ஒரு தழையாடையைப் பற்றி மட்டுமன்று. காதலர்க்கிடையே கைமாறும் பொருள் என்ன சொல்கிறது? மனத்தின் மொழியா அது, மனிதரை வாங்கும் விலையா? கொடுத்தவனுக்கு உரிமை பிறக்கிறதா? பெற்றவளுக்குக் கடன் பிறக்கிறதா? பூவிலே தொடங்கிப் பொன்னிலே வளர்ந்து, சில வேளைகளில் பிணத்திலே போய் முடிகின்ற ஒரு கதையின் முதல் வரியைத்தான் அந்தப் பெண் கேட்டாள்.

இக்கேள்விக்கு நாட்டிலே இரண்டு விடைகள் உலவுகின்றன. ஒன்று பழமைவாதி தருவது. மற்றொன்று வணிகன் தருவது.

பழமைவாதி சொல்கிறான்: ஆணும் பெண்ணும் தாமே கண்டு, தாமே பேசி, தாமே பரிசு பரிமாறுவது பண்பாட்டுக்கு இழுக்கு! பிப்ரவரி 14 வந்துவிட்டால் போதும், பூங்காக்களையும் கடற்கரைகளையும் காவல் காக்கப் புறப்பட்டுவிடுகிறது ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துப் பெரியவர் வீட்டுத் திருமணத்துக்குப் போய்ப் பாருங்கள். இத்தனை பவுன், இன்ன வண்டி, இவ்வளவு ரொக்கம் என்று பட்டியல் படிக்கப்படும். படிப்பவர் முகத்தில் பெருமிதம் பொங்கும். பூங்காவில் ஒரு ரோசாப்பூ கைமாறினால் பண்பாடு பாழ்! பந்தலில் நூறு பவுன் கைமாறினால் பண்பாடு வாழ்கிறது! விந்தையான பண்பாடு இது!

வணிகனுக்கோ பண்பாட்டைப் பற்றிய கவலை இல்லை. அவன் சொல்கிறான்: கொடு! கொடுத்துக்கொண்டே இரு! விலை ஏற ஏற அன்பு ஏறும். வெறுங்கையோடு நிற்பவன் காதலன் அல்லன், கஞ்சன்! காசு இல்லையா? கவலை வேண்டாம், மாதத் தவணையில் வாங்கிக்கொள்.

ஒருவன் கொடுக்காதே என்கிறான். மற்றவன் கொடுத்துக்கொண்டே இரு என்கிறான். எதிரெதிர் முனையில் நிற்பவர்களாகத் தோன்றுகின்றனர். ஆனால் ஒன்றில் இருவரும் ஒத்துப்போகின்றனர்: பெறுகிறவளின் மனம் என்ன சொல்கிறது என்று இருவருமே கேட்பதில்லை.

கேட்டார்கள், ஒரு காலத்தில். நம்முடைய இலக்கியத்திலேயே அதற்குச் சான்று உண்டு.

காதலன் கொணரும் பரிசுக்குச் சங்கத் தமிழ் வைத்த பெயர் கையுறை. பூவும் தழையும்தான் பெரும்பாலும் அப்பரிசு; காட்டிலே கிடைப்பது, கையாலே தொடுப்பது. அதைக் கொணர்ந்து கொடுப்பது அகப்பொருளில் ஒரு துறை. அம்மட்டோடு நின்றுவிடவில்லை தமிழன். அதை வாங்க மறுப்பதும் ஒரு துறை! 'கையுறை மறுத்தல்' என்று அதற்குப் பெயரே சூட்டி வைத்தான். குறுந்தொகையைத் திறந்தால் முதலில் நிற்கும் பாட்டு எது? திப்புத்தோளார் பாடியது. தலைவன் செங்காந்தள் மலரைக் கையுறையாகக் கொணர்கிறான்; எங்கள் மலையிலேயே காந்தள் மிகுதியாகப் பூத்துக் கிடக்கிறதே என்கிறாள் தோழி. வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லவில்லை. ஆனால் வாங்கிக்கொள்ளவும் இல்லை. அந்தக் குறிப்பைச் சந்திப்புக்கு இடம் காட்டுவதாகக் கொள்வாரும் உளர். எவ்வாறு கொண்டாலும் ஒன்று தெளிவு: பூவை நீட்டுவது அவன் உரிமை; ஏற்பதும் மறுப்பதும் இவர்கள் உரிமை. மறுத்ததற்காக அந்தத் தலைவன் அரிவாளைத் தூக்கவில்லை. அமிலக் குப்பியைத் தேடவில்லை. தெருமுனையில் நின்று பழிச்சொல் பரப்பவில்லை. மறுப்பு அவனுக்கு அவமானம் அன்று. காதலின் இலக்கணத்தில் அதுவும் ஒரு பகுதி.

நற்றிணையில் கபிலர் பாட்டு ஒன்று, நான் வகுப்பில் நடத்திய பாட்டு, இன்னும் நுட்பமானது. தழையாடை வந்துவிட்டது. உடுத்தினால் தாய் கேட்பாளே என்று அச்சம். திருப்பிக் கொடுத்தால் அவன் மனம் புண்படுமே என்று அச்சம். இரண்டுக்கும் இடையில் கிடந்து அந்தத் தழை வாடிவிடுமோ என்ற கவலை. எவ்வளவு சிறிய பரிசு! எவ்வளவு பெரிய தவிப்பு! பரிசு பெறுகிறவளின் நெஞ்சுக்குள் நுழைந்து பார்த்திருக்கிறார் புலவர். இன்று ஒரு பெட்டியை நீட்டிவிட்டு, உடனே சிரிப்பை எதிர்பார்த்து நிற்கும் இளைஞனுக்கு இந்தப் பார்வை உண்டா? தான் நீட்டுகின்ற பெட்டிக்குள் அவளுடைய அச்சமும் சேர்ந்தே இருக்கிறது என்பதை அவன் எண்ணிப் பார்த்தானா?

பழந்தமிழர் வாழ்வு முழுவதும் பொன்னுலகம் என்று பூசி மெழுகுவது என் நோக்கமன்று. பழம்பெருமை பேசிப் பசியாறும் வழக்கம் பகுத்தறிவாளனுக்கு இல்லை. பூ கைமாறிய அதே தமிழகத்தில், பொன் கைமாறிய கதையும் உண்டு.

சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். மாதவி ஆடி அரங்கேறினாள். அரசன் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன் பெறும் மாலையும் பரிசாக வழங்கினான். அந்த மாலை எங்கே போயிற்று? நகரத்துச் செல்வ இளைஞர்கள் உலவும் தெருவில் ஒரு கூனியின் கையில் கொடுத்து நிறுத்தப்பட்டது. மாலையை வாங்குவோன் எவனோ, அவனே மாதவிக்கு உரியவன்! கோவலன் வாங்கினான். கலைக்குக் கிடைத்த பரிசு, கலைஞியின் விலைச்சீட்டாக மாறியது. அவன் விலை கேட்டான், மாலையின் விலையை. அவளுடைய விருப்பத்தைக் கேட்டவர் யார்? பின்னர் அவள் அவனை உண்மையாகவே நேசித்தாள், அவன் மறைந்தபின் துறவு பூண்டாள் என்று காப்பியம் காட்டுகிறது. ஆயினும் அந்த உறவின் வாயிற்படி ஒரு விற்பனை. கடலாடிய நாளில் ஒரு யாழ்ப்பாட்டின் பொருளை ஐயுற்று அவன் எழுந்து போனானே, ஏன்? வாங்கிய பொருளுக்கு மனம் இருக்கலாகாது என்று எண்ணுவது வாங்கியவன் இயல்பு!

பொருள் எல்லாம் தொலைத்து வீடு திரும்பிய அவனிடம் கண்ணகி சிலம்பை நீட்டினாள். மாதவிக்குக் கொடுக்கப் பொருளில்லாமல் வருந்துகிறான் என்று கருதியே அவள் நீட்டினாள் என்று உரைகாரர்கள் விளக்குவர். உலகம் இதைக் கற்பின் சிகரம் என்று போற்றுகிறது. எனக்கோ அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. ஒருத்தி பொன்னுக்குப் பெறப்பட்டாள். மற்றொருத்தி பொன்னைக் கழற்றிக் கொடுத்தாள். இருவரிடமும் பெற்றுக்கொண்டவன் ஒருவன். கண்ணகிக்கு அவன் மனமுவந்து கொடுத்தது என்ன? அன்பு ஒருபுறமாகவே ஓடுமானால் அதற்குத் தியாகம் என்று பெயரிட்டு நாம் தப்பித்துக்கொள்கிறோம்.

வள்ளுவர் இந்த வேற்றுமையை நன்கு அறிந்திருந்தார். காதலரின் பார்வை, பிரிவு, ஊடல் எல்லாவற்றையும் காமத்துப்பாலில் 25 அதிகாரங்களில் வைத்தார். பொருளுக்காக அன்பு காட்டுவதைப் பற்றிய 'வரைவின் மகளிர்' அதிகாரத்தை எங்கே வைத்தார்? பொருட்பாலில்! வைத்த இடமே ஒரு தீர்ப்பு. அந்த அதிகாரத்தில் விற்பவளைக் கடிந்த அளவுக்கு, அவளை விலைப்பொருளாக்கிய ஆண் உலகத்தைக் கடிந்தாரில்லையே என்ற குறை எனக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பகுத்தறிவு பேசுவதில் பொருளில்லை. ஆனால் காதலையும் கொடுக்கல் வாங்கலையும் வேறுவேறு பாலில் பிரித்து வைத்த அந்த அறிவு, இன்றைக்கும் நமக்கு வேண்டும்.

பெண்ணுக்குப் பரிசு கொடுப்பது ஒருபுறம் இருக்கட்டும். பெண்ணையே பரிசாகக் கொடுத்த கொடுமையைச் சொல்ல வேண்டாமா?

மனு நூலின் மூன்றாம் அத்தியாயம் எட்டு வகை மணங்களை அடுக்குகிறது. முதலிடம் எதற்கு? பெண்ணை ஆடை அணிகளால் அழகுசெய்து, வேதம் கற்றவனை அழைத்து, அவனுக்குத் தானமாகக் கொடுக்கும் பிரம்ம மணத்துக்கு. காதலர் இருவர் தாமே மனமொத்துக் கூடும் காந்தருவம் எங்கே நிற்கிறது? ஆறாம் இடத்தில்! அடுக்கிய வரிசையிலேயே அவர்கள் உள்ளம் தெரிகிறது. கன்னிகாதானம் என்ற சொல்லைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். தானம் கொடுப்பவன் தந்தை, பெறுபவன் மருமகன், கொடுக்கப்படும் பொருள் பெண்! பசுவைக் கேட்டுப் பசுதானம் செய்வதில்லை. பூமியைக் கேட்டுப் பூதானம் செய்வதில்லை. பெண்ணைக் கேட்டும் கன்னிகாதானம் செய்ததில்லை. தானே ஒரு பொருளாகக் கைமாறுகிறவள் மற்றொருவருக்கு எதைக் கொடுக்க முடியும்? எதை மறுக்க முடியும்?

தானமாகக் கொடுத்த பொருளோடு தட்சிணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமே! அங்கே வந்து நிற்கிறது வரதட்சிணை. 1961-இல் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. ஆனால் கேளாமல் கொடுக்கும் அன்பளிப்புக்கு அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. உடனே நாடே திடீரென்று அன்பளிப்பில் ஆர்வம் கொண்டுவிட்டது! "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் ஆசையாகச் செய்வதைச் செய்யுங்கள்" என்ற தேன்சொல்லைக் கேட்டு நடுங்காத தந்தை உண்டா? கேட்காமல் கேட்கும் கலை அது. அன்பு என்ற தூய சொல்லை அந்தக் கலை எப்படிக் கறைப்படுத்திவிட்டது என்பதற்குக் கணக்கும் இருக்கிறது: 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் வரதட்சிணைச் சாவுகளாகக் காவல்துறைப் பதிவேறியவை 6,400-க்கும் மேல். அவ்வளவும் 'ஆசையாகச் செய்த' வீடுகளின் அழுகுரல்.

உரிமை மறுக்கப்படும் இடத்தில்தான் பரிசு ஊதிப் பெருக்கிறது. பெண்ணுக்குச் சொத்தில் பங்கு கொடுக்க மனமில்லாதவன், நகையைப் போட்டு வாயை அடைத்தான். 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் இயற்றியது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989-இல், தமிழ்நாட்டில் கலைஞர் ஆட்சி மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சமபங்கு உண்டு என்று சட்டம் செய்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. பங்கு கேட்டால் பகை என்கிறவர்கள், பரிசு கொடுத்தால் பாசம் என்கிறார்கள். பரிசைக் கொடுப்பவன் நிறுத்தலாம். பங்கை எவரும் நிறுத்த முடியாது. அதனால்தான் ஆதிக்கம் எப்போதும் பங்கை விடப் பரிசையே விரும்புகிறது!

இது பெற்றோர் வகுத்த திருமணத்தின் நோய். காதலர்க்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. நோய் வீட்டை மாற்றியிருக்கிறது, விட்டுப் போகவில்லை.

தென்னாப்பிரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வைரச் சுரங்கங்கள் பெருகின. அரிய கல் என்று மதிக்கப்பட்டது அள்ள அள்ளக் கிடைத்தது. விலை சரியாமல் காக்க 1888-இல் டி பீர்ஸ் என்னும் நிறுவனம் எழுந்தது. கல்லைக் கட்டுப்படுத்தினால் போதுமா? மனத்தையும் கட்டுப்படுத்த வேண்டுமே! 1938-இல் அமெரிக்க விளம்பர நிறுவனம் ஒன்றை அமர்த்திக்கொண்டது. காதலின் நிலைபேற்றையும் வைரத்தின் நிலைபேற்றையும் ஒன்றாகக் கட்டிய விளம்பர வாசகம் 1947-இல் பிறந்தது. பிற்காலத்தில் மோதிரத்துக்கு எத்தனை மாதச் சம்பளத்தைச் செலவிடுவது தகும் என்றுகூட விளம்பரமே வகுத்துக் கொடுத்தது. இப்படியும் ஒரு சாத்திரம்! மனு எழுதியது ஏட்டிலே. இவர்கள் எழுதியது செய்தித்தாளிலே. ஒன்றை எதிர்த்துப் புரட்சி செய்த இளைஞன், மற்றொன்றுக்குத் தலைவணங்கித் தவணைச் சீட்டில் கையெழுத்திடுகிறான்.

தவணை கட்டியவன் என்ன எதிர்பார்ப்பான்? அதை நான் நேரில் கண்டேன்.

நண்பன் ஒருவன். நல்லவன். கூட்டங்களுக்கு என்னோடு வருவான். சாதி ஒழிப்பைப் பற்றிப் பேசினால் கண்கள் ஒளிரும். ஈராண்டுகளாக ஒரு பெண்ணை விரும்பினான். அவளும் அன்போடு பழகினாள். ஒருநாள் அவள், "உன்னை மணந்து வாழ என் மனம் இசையவில்லை" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டாள். அன்றிரவு என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு குறிப்பேடு. கைக்கடிகாரம், சுடிதார் துணி, கொலுசு, பிறந்தநாள் விருந்து, கைபேசிக்குக் கட்டிய தொகை, பேருந்துக் கட்டணம், தேநீர் இரண்டு கோப்பை! நாளும் தொகையும் பிசகாமல் எழுதியிருந்தான். "ஏமாற்றிவிட்டாள். நாளைக்கு நாலு பேரோடு போய் அவள் வீட்டு வாசலில் வைத்துக் கேட்கப் போகிறேன்" என்றான்.

ஏட்டைப் புரட்டினேன். "இதில் அவள் கேட்டு வாங்கியது எது?" என்றேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்றான்.

"உன் தாய் மருத்துவமனையில் கிடந்தபோது எட்டு நாள் இரவு உடனிருந்தவள் யார்?"

"அவள்தான்."

"தேர்வுக்கு உனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது?"

"அவள்தான்."

"அவற்றை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்?"

விடை இல்லை. ஏட்டில் அதற்குப் பக்கமே இல்லை. ஆணின் பரிசுக்கு விலைச்சீட்டு உண்டு. பெண்ணின் பரிசுக்கு விலைச்சீட்டு இல்லை. அவள் கொடுப்பது உழைப்பு, நேரம், உறக்கம், ஆறுதல். கடையில் வாங்காததால் கணக்கில் ஏறுவதில்லை. அவன் கொடுத்தால் கொடை. அவள் கொடுத்தால் கடமை! இந்தக் கணக்குப் புத்தகத்தை எழுதக் கற்றுக்கொடுத்தது என் நண்பன் அல்லன். பல நூற்றாண்டுப் பழக்கம் அவன் கையைப் பிடித்து எழுதியது.

வேண்டாம் என்று சொன்ன பெண்ணைப் பின்தொடர்வது 2013 முதல் இந்நாட்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் அவனுக்குச் சொன்னேன். சட்டத்துக்கு அஞ்சியோ, நெஞ்சுக்கு அஞ்சியோ, அவன் போகவில்லை. அந்த ஏட்டைக் கிழித்தெறிந்தான் என்று எழுதினால் கதை அழகாக முடியும், உண்மை அதுவன்று. எடுத்துக்கொண்டுதான் போனான். ஆனால் அந்தத் தெருப்பக்கம் தலைகாட்டவில்லை. அவ்வளவு போதும் என்று அன்று எனக்குத் தோன்றிற்று. அவன் போனபின் என்னையே கேட்டுக்கொண்டேன்: ஏட்டில் எழுதாவிட்டாலும் மனத்தில் எழுதி வைத்த கணக்கு எனக்கும் உண்டா, இல்லையா? உண்டு என்றே மனம் சொன்னது. இந்தக் கட்டுரையை எழுதும் உரிமை, அந்த ஒப்புதலுக்குப் பின்தான் எனக்கு வந்தது.

இங்கே அறிவுடையார் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "கைம்மாறு கருதாத பரிசு உலகில் உண்டா? எல்லாப் பரிசும் கட்டத்தானே செய்யும்?" நல்ல கேள்வி. பிரெஞ்சு நாட்டு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் பரிசைப் பற்றி எழுதிய நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். பல தொல்குடிகளின் வழக்கங்களைத் தொகுத்துப் பார்த்து, பரிசுக்குப் பின்னே மூன்று கடமைகள் நிற்பதைக் காட்டினார்: கொடுக்க வேண்டிய கடமை, ஏற்க வேண்டிய கடமை, திருப்பித்தர வேண்டிய கடமை. ஒரு குடி மற்றொரு குடியோடு பகையின்றி வாழ அந்தக் கட்டு பயன்பட்டிருக்கும். நம் வள்ளுவரும் வறியவர்க்கு ஈவதொன்றே ஈகை, மற்றவை எல்லாம் குறியெதிர்ப்பை என்றார்; அளந்து கொடுத்து அளந்து திரும்பப் பெறும் கைமாற்று என்பது பொருள்.

ஆனால் காதல் இரண்டு குடிகளின் உடன்படிக்கை அன்று. இரண்டு மனங்களின் தெரிவு. தெரிவு என்றால் விலகும் வழி திறந்திருக்க வேண்டும். ஆகவே மூன்று கடமைகளில் நடுவிலுள்ள ஒன்றை உருவி எடுத்துவிட வேண்டும்: ஏற்க வேண்டிய கடமை! அதை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் தாமே தளர்ந்துவிடும். மறுக்கலாம் என்ற நிலை இருந்தால்தான் ஏற்பது ஓர் ஏற்பு ஆகும். இல்லையேல் அது திணிப்பு. கையுறை மறுத்தலுக்குத் துறை வகுத்த தமிழன், அறிந்தோ அறியாமலோ, அந்த நடுக்கண்ணியைத்தான் அறுத்தான்.

அப்படியானால் காதலர் பரிசே கொடுக்கலாகாதா? யார் சொன்னது! கொடுக்கட்டும். பூவைக் கொடுக்கட்டும், புத்தகத்தைக் கொடுக்கட்டும், உழைத்துச் சேர்த்த காசில் ஒரு சேலையோ சட்டையோ எடுத்துக் கொடுக்கட்டும். மனத்தில் உள்ளதைச் சொல்லச் சொல் போதாதபோது, பொருள் துணைக்கு வருகிறது. தன்னை ஒருவர் நினைத்திருந்தார் என்பதற்கு ஒரு சான்று கையில் இருப்பது மனிதருக்கு இன்பம். அந்த இன்பத்தை மறுக்கும் வறட்டுத் துறவு பகுத்தறிவு ஆகாது. கொடுப்பதைத் தடுப்பது நம் வேலையன்று. கொடுப்பதற்குள் ஒளிந்திருக்கும் வாங்கும் எண்ணத்தைக் காட்டிக்கொடுப்பதே நம் வேலை.

பொன்னை உரைத்துப் பார்க்க உரைகல் உண்டு. பரிசை உரைத்துப் பார்க்க மூன்று கேள்விகள் போதும் என்பேன். அச்சமின்றி இதை மறுக்க முடியுமா? நாளை உறவு முறிந்தால் இதைக் கணக்கில் எழுதாமல் இருக்க முடியுமா? இருபுறமும் இது ஓடுகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அது அன்பளிப்பு. ஒன்றுக்கேனும் 'இல்லை' என்றால் அது அச்சாரம். பொருளை வாங்குமுன் கொடுத்து வைக்கும் முன்பணம். இந்த உரைகல் ஆணுக்கு மட்டும் அன்று. விலையுயர்ந்ததைக் கேட்டு, அதைக் கொண்டு ஆணின் அன்பை அளக்கும் பெண்ணும் இதில் தன்னை உரைத்துப் பார்க்கட்டும். விலையைக் கேட்கிறவள், தன்னையே கடையில் வைக்கிறாள் என்பதை அவளுக்கும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் கேள்வியின் அருமையை உணர்த்த, நம் இயக்கமே ஒரு காட்சியைப் படைத்துத் தந்திருக்கிறது. 1928-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் புரோகிதரை விலக்கிச் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. நாற்பதாண்டுக் காலம் சட்டத்தின் கதவு அத்தகைய மணங்களுக்கு மூடியே கிடந்தது. அறிஞர் அண்ணாவின் ஆட்சியில் 1967-இல் இயற்றப்பட்டு 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த 7-ஏ பிரிவு அந்தக் கதவைத் திறந்தது. என்ன சொல்கிறது அது? இருவரும் தம்மை இணையராக ஏற்பதாக அறிவிக்கலாம். அல்லது ஒருவர்க்கொருவர் மாலை சூட்டலாம், ஒருவர் விரலில் மற்றவர் மோதிரம் அணிவிக்கலாம். தாலி கட்டியும் மணக்கலாம். 'ஒருவர்க்கொருவர்' என்ற அந்தச் சொல்லை மறவாதீர்கள்! கன்னிகாதானத்தில் கொடுக்கப்பட்ட பொருள், இங்கே கொடுக்கும் மனிதராக எழுந்து நிற்கிறது. மாலை ஒன்று இப்புறம் போகிறது. மாலை ஒன்று அப்புறம் வருகிறது. எது விலை, எது பொருள் என்று எவரால் சொல்ல முடியும்? காதல் பரிசின் இலக்கணம் அந்த இரண்டு மாலைகளில் இருக்கிறது.

கொடுக்கவும் தெரிய வேண்டும். திருப்பித் தரவும் உரிமை வேண்டும். நார்வே நாட்டு நாடகப் பேரறிஞர் இப்சன் 1879-இல் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்தில் நோரா என்ற பெண் வருகிறாள். தொடக்கத்தில் கணவன் கையிலிருந்து பணத்தைப் பெற்று மகிழும் செல்லக் குருவி அவள். கொஞ்சல் மொழியும் காசும் அவளுக்குக் குறைவின்றிக் கிடைக்கின்றன. இறுதியில், தான் அந்த வீட்டில் மனைவியாக அன்று, பொம்மையாகவே வாழ்ந்திருக்கிறோம் என்று உணர்ந்து வெளியேறுகிறாள். போகுமுன் அவன் அணிவித்த மோதிரத்தைத் திருப்பித் தருகிறாள். அத்தோடு தன் மோதிரத்தையும் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். இனி அவனிடமிருந்து உதவியும் வேண்டாம் என்கிறாள். கடல் கடந்த நாட்டில் ஒரு கையுறை மறுத்தல்! எட்டு ஆண்டுகள் பெற்ற பரிசுகள் அத்தனையும் சேர்ந்து அவளுக்கு ஒன்றைத் தரவில்லை: மனிதர் என்ற மதிப்பு. அது இல்லாதபோது மற்றவை எல்லாம் கூண்டுக்குள் போட்ட தானியம்.

இளந்தோழர்களே! மேடையில் பெண்ணுரிமை பேசுவது எளிது; கைத்தட்டலும் கிடைக்கும். நாம் விரும்பும் பெண் நம் பரிசைப் பார்த்து, "வேண்டாம்" என்று சொல்லும் அந்த ஒரு நொடியில்தான் நம் கொள்கைக்குத் தேர்வு. அந்த நொடியில் முகம் கறுக்குமானால், நாவில் பெரியாரும் நெஞ்சில் மனுவும் குடியிருக்கிறார்கள் என்றே பொருள். "சரி" என்று சொல்லிப் பூவோடு திரும்ப முடியுமானால், அந்தப் பூவை நீட்டும் தகுதி நமக்கு உண்டு.

அடுத்த வாரம் அதே வகுப்புக்குப் பாடம் நடத்தப் போகிறேன். அந்த மாணவி மீண்டும் கேட்கமாட்டாள். ஆனால் நான் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். சுருக்கமாகவே சொல்வேன்.

வாங்கிக்கொண்டால் சரி என்று சொன்னதாக ஆகாது, அம்மா. வாங்கியது பொருளை, கொடுத்தது மனத்தை அன்று. மனத்தைக் கொடுப்பதாயின் அதை நீயே, உன் வாயால், உன் விருப்பத்தால் சொல்ல வேண்டும். நேற்றுச் சரி என்று சொல்லியிருந்தாலும், இன்று இல்லை என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. எவன் கொடுத்த எந்தப் பொருளுக்கும் அந்த உரிமையை வாங்கும் விலை இல்லை.

இதைப் பெண்களைப் பார்த்து ஒருமுறை சொல்வேன். பிறகு திரும்பி நின்று, அன்றைக்குச் சிரித்தார்களே, அந்த ஆண்பிள்ளைகளைப் பார்த்து இருமுறை சொல்வேன்.